முதலில் முள்ளை நம்புங்கள்

"மீற்றர்தான் பழுது, எஞ்சினுக்கு ஒண்டும் இல்லை."

கார் பற்றிய கதை வரும் இடமெல்லாம் இந்த வசனமும் கூடவே வரும். ரெம்பரேச்சர் முள் மேலே போனாலும் இதுதான், ஒயில் பிரஷர் முள் கீழே விழுந்தாலும் இதுதான். சொல்பவருக்கும் நிம்மதி, கேட்பவருக்கும் நிம்மதி. அதுதான் இதிலுள்ள ஆபத்து. சோதனை செய்து கிடைத்த முடிவாக இது வருவது குறைவு. பயத்தை ஆற்றிக்கொள்வதற்காகச் சொல்லப்படுவதே அதிகம்.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்ட்டில் ஒரு முள் கெட்ட செய்தி சொன்னால் முதலில் அதை நம்ப வேண்டும். காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு அந்த முள் பொய் சொல்கிறதா என்று நிரூபித்துப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே கழற்றுகிற வேலையாகிவிடும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிரூபித்துப் பார்க்கவே முடியாதபடி முள்ளைப் பொய் சொல்ல வைப்பவர்கள் கார் செய்யும் கம்பனிகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருவம்.

ஏன் ஸ்போர்ட்ஸ் கார்?

எங்களில் பெரும்பாலானோர் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததே வீடியோவிலும் கேமிலும்தான். இருந்தாலும் மீற்றர் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் இல்லை. ஏனென்றால் அங்கே முள் அலங்காரத்துக்கு இருப்பதில்லை. போர்ஷே 911இன் டாஷ்போர்ட்டைப் பாருங்கள். ஐந்து வட்டங்களில் நடுவில் இருப்பது ஸ்பீடோமீற்றர் அல்ல, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் ரக்கோமீற்றர். வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது எஞ்சினின் அடித்தட்டிலுள்ள ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒயிலை உறிஞ்சும் குழாய்க்கு ஒயிலுக்குப் பதில் காற்று கிடைத்தால் பிரஷர் சட்டென்று விழும். பேரிங்குகள் தேய அதுவே போதும். அந்தக் கணத்தில் ஓட்டுநருக்குச் செய்தி சொல்லக்கூடியது ஒரு முள் மட்டும்தான்.

இன்னொரு காரணம் எங்களுக்குக் கொஞ்சம் கிட்டவானது. 1960களில் பிரித்தானியாவில் செய்த எம்.ஜி. மிட்ஜெட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும், எங்கட தெருக்களில் ஓடிய மொரிஸ் மைனரில் இருந்ததும் ஒரே குடும்ப எஞ்சின்கள். 'ஏ வரிசை' என்று அதற்குப் பெயர். அதன் அண்ணன் 'பி வரிசை' எஞ்சின், எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் இருந்தது. 90களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களின் சொந்தக்காரர்கள்தான் இந்த ஸ்போர்ட்ஸ் கார்கள். ஆகவே கீழே சொல்லப்போவது எங்கட ஊர்க் கராஜ்களுக்கும் அந்நியமான கதை இல்லை.

முள்ளுக்குப் பின்னால் என்ன இருக்கு?

ஒரு மீற்றர் என்றால் நாங்கள் கண்ணாடிக்குள் தெரியும் வட்டத்தை மட்டும்தான் நினைப்போம். உண்மையில் அது ஒரு சங்கிலி. எஞ்சினிலோ பெற்றோல் ராங்கிலோ பூட்டியிருக்கும் சென்சர் ஒரு முனை. அங்கிருந்து வரும் வயர் அடுத்தது. மூன்றாவது டாஷ்போர்ட்டிலுள்ள மீற்றர். இந்த மூன்றுக்கும் பொதுவாகக் கரண்ட் வரும் வழி ஒன்றும் அது திரும்பிப் போகும் ஏர்த் ஒன்றும் இருக்கும். முள் பிழையாகக் காட்டினால் இந்த ஐந்தில் ஒன்று பழுதாக இருக்கலாம். அல்லது ஐந்தும் சரியாக இருந்து, எஞ்சின் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் எங்கட பழக்கம் என்ன? மீற்றர் பிழையாகக் காட்டினால் மீற்றரை மாற்று. அது சரிவராவிட்டால் சென்சரை மாற்று. அதுவும் சரிவராவிட்டால் "வயரிங் முழுக்கப் போட்டுது" என்று கையை விரி. காசு போகும், பழுது அப்படியே இருக்கும். ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பதைப் பழுது பார்த்தல் என்று சொல்ல ஏலாது. அது சீட்டுக் குலுக்கல்.

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரை எடுப்போம். 1962 முதல் 1980 வரை தயாரான கூரை திறக்கும் சின்னக் கார். அந்தக் காலத்துப் பல பிரித்தானியக் கார்களைப் போல இதிலும் பெற்றோல் மீற்றரும் ரெம்பரேச்சர் மீற்றரும் வெப்பத்தால் வேலை செய்பவை. மீற்றருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கம்பியில் கரண்ட் ஓடினால் தகடு சூடாகி வளையும், முள் நகரும். சாவியைத் திருப்பியவுடன் பெற்றோல் முள் பாய்ந்து ஏறாமல் ஆறுதலாக ஏறுவது இதனால்தான். அது பழுது இல்லை, அதன் சுபாவம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. கார் பற்றரியின் வோல்ற்றேஜ் ஒரே அளவில் நிற்பதில்லை. எஞ்சின் நிற்கும்போது 12 வோல்ற் சொச்சம், ஓடும்போது 14 வோல்ற்றுக்குக் கிட்ட. அப்படியே விட்டால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ராங்கில் பெற்றோல் கூடியது மாதிரிக் காட்டும். இதைத் தடுக்க டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சின்னதான ஒரு வோல்ற்றேஜ் ஸ்டெபிலைசரை வைத்தார்கள். அது கரண்ட்டை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ற் கிடைக்கச் செய்யும்.

இப்ப யோசியுங்கள். பெற்றோல் முள்ளும் ரெம்பரேச்சர் முள்ளும் இரண்டும் சேர்ந்து கூடக் காட்டுகின்றன. இரண்டு சென்சரும் ஒரே நாளில் பழுதாகுமா? ஆகாது. அப்படியென்றால் இரண்டுக்கும் பொதுவான சாமானில்தான் பிழை. ஸ்டெபிலைசரின் ஏர்த் விட்டுப்போனால் அதற்கு விட்டு விட்டு அனுப்பத் தெரியாது. பற்றரியின் முழு வோல்ற்றேஜும் தொடர்ந்து போகும், இரண்டு முள்ளும் உயரும். இரண்டும் சேர்ந்து செத்துக் கிடந்தால் பியூஸையும் ஸ்டெபிலைசருக்கு வரும் வயரையும் பாருங்கள். பல நேரங்களில் ஏர்த் கொடுக்கும் ஆணியைக் கழற்றி, கறளைச் சுரண்டி, திரும்ப இறுக்கினால் வேலை முடிந்தது. செலவு பூச்சியம்.

ஸ்டெபிலைசரை டிஜிற்றல் மல்ரிமீற்றரால் அளந்தால் எண்கள் பேய் பிடித்த மாதிரிக் குதிக்கும். விட்டு விட்டு அனுப்பும் சாமானை அளந்தால் அப்படித்தான் வரும். அதைப் பார்த்து "இது போச்சு" என்று எறிந்துவிடாதீர்கள். ஒரு சின்ன பல்ப்பை இணைத்துப் பார்த்தால் அது மினுங்குவது தெரியும். மினுங்கினால் உயிரோடு இருக்கு.

ஒரு முள் மட்டும் பிழையென்றால்

இரண்டில் ஒன்று மட்டும் பிழையாகக் காட்டினால் சங்கிலியை நடுவில் வெட்ட வேண்டும். ரெம்பரேச்சர் முள் எப்போதும் அடியிலேயே கிடக்கிறது என்று வைப்போம். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஓன் செய்யுங்கள். சென்சரில் இருந்து வயரைக் கழற்றி, எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் சில விநாடி மட்டும் தொடுங்கள். முள் மேலே ஏறத் தொடங்கினால் மீற்றரும் வயரும் நல்லது, சென்சர்தான் சந்தேகத்துக்குரியது. முள் அசையாவிட்டால் சென்சரில் பிழை தேட வேண்டாம், வயரையோ மீற்றரையோ பாருங்கள். முள் எழும்பியவுடன் வயரை எடுத்துவிட வேண்டும். கனநேரம் பிடித்தால் உள்ளேயுள்ள மெல்லிய கம்பி எரிந்துபோகும்.

முள் எப்போதும் உச்சியில் நின்றால் இதன் மறுபக்கம். வயரைக் கழற்றுங்கள். முள் விழுந்தால் சென்சர் பிழை, அல்லது எஞ்சின் உண்மையிலேயே சூடு. விழாவிட்டால் அந்த வயர் வழியில் எங்கோ தோல் உரிந்து பொடியில் தொட்டுக்கொண்டிருக்கு.

பெற்றோல் மீற்றருக்கும் இதே தர்க்கம்தான். ஆனால் ராங்குக்குப் பக்கத்தில் பொறி பறக்க விடாதீர்கள். அந்தச் சோதனையை டாஷ்போர்ட் பக்கத்திலேயே, மீற்றரின் பின்புறத்தில் செய்யுங்கள். முள் ஒழுங்காக ஏறி இறங்கினால், ராங்குக்குள் இருக்கும் மிதவையில் ஓட்டை விழுந்து அது மூழ்கியிருக்கவும் வாய்ப்புண்டு. மூழ்கிய மிதவைக்கு ராங்க் எப்போதும் வெறுமைதான்.

ஒரு எச்சரிக்கை. ஒரு காரில் படித்த பாடத்தை இன்னொரு காருக்கு அப்படியே கொண்டுபோக ஏலாது. ஸ்பிட்ஃபயரில் பெற்றோல் வயர் அறுந்தால் ராங்க் வெறுமை என்று காட்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் பல வருடங்களாகப் பாவித்த முறையில் வெறுமைக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். அங்கே வயர் அறுந்தால் ராங்க் நிரம்பி வழிகிறது என்று காட்டும். ஒரே பழுது, இரண்டு எதிர்மாறான பொய்கள். அதனால்தான் முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க ஏலாது. அந்தக் காருக்கு 'ஒன்றும் வரவில்லை' என்றால் முள் எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏர்த் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்புப் பொடி உள்ள காரில் பொடியே ஏர்த் வயராக வேலை செய்யும். கொர்வெட், லோட்டஸ் எலான் போன்ற கார்களின் பொடி ஃபைபர்கிளாஸ். அது கரண்ட்டைக் கடத்தாது. அங்கே ஒவ்வொரு மீற்றருக்கும் விளக்குக்கும் திரும்பிப்போகத் தனி வயர் வேண்டும். அந்த வயர்கள் சந்திக்கும் ஒரு இடத்தில் கறள் பிடித்தால் போதும், ஹெட்லைற்றைப் போட்டவுடன் பெற்றோல் முள் ஆடும், இண்டிகேற்றர் போட்டால் ரெம்பரேச்சர் முள் தாளம் போடும். பேய் இல்லை, ஏர்த்.

வேகமும் சுழற்சியும்

பழைய ஸ்பீடோமீற்றரில் மின்சாரமே இல்லை. கியர்பொக்ஸில் இருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியக் கிண்ணம், அதில்தான் முள் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுற்றும் காந்தம் கிண்ணத்தில் உண்டாக்கும் மின்னோட்டம் அதை இழுக்கும், ஒரு சின்ன ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். முள் நடுங்கினால் அநேகமாகக் கேபிள் உலர்ந்திருக்கும், இல்லாட்டி எங்கோ கூர்மையாக மடிந்திருக்கும். கேபிளைக் கழற்றித் துடைத்து, மெல்லிதாகக் கிரீஸ் பூசிப் போடுங்கள். மேல்முனையில் கிரீஸ் அப்பினால் அது மீற்றருக்குள் ஏறி அதையும் கெடுக்கும்.

கேபிள் அறுந்தால் கிலோமீற்றர் கணக்கும் அங்கேயே நிற்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர் "இவ்வளவுதான் ஓடியது" என்று காட்டும் எண், மீற்றர் வேலை செய்த நாட்களின் கணக்கு மட்டுமே.

ரக்கோமீற்றர் வேறு கதை. 1960களின் எம்.ஜி.பி.யில் இக்னிஷன் கொயிலுக்குப் போகும் கரண்ட்டை உணர்ந்துதான் அது எண்ணும். பிறகு யாராவது பழைய பொயின்ற் முறையை எடுத்துவிட்டு எலெக்ரோனிக் இக்னிஷன் போட்டால் சில நேரம் முள் கண்டபடி ஆடும், அல்லது செத்துவிடும். மீற்றர் பழுதாகவில்லை, அது கேட்டுப் பழகிய மொழி மாறிவிட்டது. இன்னொன்று. 1967 வரை எம்.ஜி.பி.யில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு ஏர்த் ஆகியிருக்கும். இது தெரியாமல் இன்றைய கார் மாதிரி பற்றரியை மாற்றிப் பூட்டினால் ரக்கோமீற்றர் போய்ச்சேர்ந்துவிடும்.

ஒயில் முள்ளோடு விளையாட வேண்டாம்

இதுவரை சொன்னவற்றில் பிழைவிட்டால் நேரமும் காசும்தான் போகும். ஒயில் பிரஷர் அப்படி இல்லை. பழைய எம்.ஜி.பி. பலவற்றில் ஒயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்ட்டுக்கு வந்து முள்ளைத் தள்ளும். வயர் இல்லை, சென்சர் இல்லை. சூடான எஞ்சின் ஓடும்போது 50 முதல் 80 பி.எஸ்.ஐ., ஐட்லில் 10 முதல் 25 என்பது அந்தக் காருக்கு வழமையான கணக்கு. அந்த முள் ஓட்டத்தில் கீழே விழுந்தால் "மீற்றர்தான்" என்று சொல்வதற்கு உங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை. எஞ்சினை நிறுத்துங்கள். ஒயில் மட்டத்தைப் பாருங்கள். பிறகு கராஜில் வேறொரு பிரஷர் மீற்றரை எஞ்சினில் நேரடியாகப் பூட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது சாட்சி இல்லாமல் முதல் சாட்சியைப் பொய்யன் என்று சொல்லாதீர்கள்.

ரெம்பரேச்சர் முள் இன்னும் தந்திரமானது. எல்லோரும் அது மேலே ஏறுவதற்குத்தான் பயப்படுவார்கள். எஞ்சினில் தண்ணீர் குறைந்து சென்சரைச் சுற்றி வெறும் காற்று மட்டும் மிஞ்சினால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்க முள் 'குளிர்' என்று கீழே இறங்கவும் கூடும். திடீரென்று குளிரும் முள் நல்ல செய்தி இல்லை. அதற்கும் நிறுத்த வேண்டும். ஆனால் றேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம், கொதிநீர் முகத்துக்கு வரும்.

கம்பனி சொல்லும் பொய்

இனி நான் எழுத வந்த கோபத்துக்கு வருகிறேன்.

மஸ்டா எம்.எக்ஸ்-5, 1989இல் சிக்காகோ மோட்டோர் கண்காட்சியில் அறிமுகமானது. பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் சுகத்தைப் பழுதில்லாமல் தர வந்த கார், அதில் வெற்றியும் பெற்றது. முதல் சில வருடங்கள் அதில் இருந்த ஒயில் பிரஷர் மீற்றர் உண்மையானது. எஞ்சின் வேகம் கூடினால் முள் ஏறும், ஐட்லில் இறங்கும். 1995 மாடலில் இருந்து அதை மாற்றினார்கள். வட்டம் அதேதான், முள் அதேதான். பின்னால் இருந்த சென்சர் மட்டும் வெறும் சுவிட்ச் ஆகிவிட்டது. சில பி.எஸ்.ஐ. பிரஷர் வந்தால் போதும், முள் நடுவில் போய் நிற்கும். 10 ஆனாலும் நடு, 60 ஆனாலும் நடு. சிவப்பு விளக்கு செய்யும் வேலையை முள் வேஷம் போட்டுச் செய்கிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணம், ஐட்லில் முள் இறங்குவதைப் பார்த்து வாங்கியவர்கள் பயந்து டீலரிடம் ஓடினார்கள் என்பது. ரெம்பரேச்சர் மீற்றரிலும் இதே போக்கு இன்று பல கார்களில் உண்டு. தண்ணீரின் சூடு பல பாகை ஏறி இறங்கினாலும் முள் நடுவில் அசையாமல் நிற்கும்படி செய்துவிடுகிறார்கள். அது அசையும்போது விஷயம் கைமீறத் தொடங்கியிருக்கும்.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் இருக்கு என்பதை மறைக்க மாட்டேன். ஐட்லில் பிரஷர் இறங்குவது இயல்பு. மலை ஏறும்போது சூடு கொஞ்சம் கூடுவதும் இயல்பு. இதெல்லாம் தெரியாத ஒருவர் ஒவ்வொரு அசைவுக்கும் பதறினால் வீதியில் கவனம் சிதறும். இன்றைய காரில் கம்பியூட்டர் எல்லாவற்றையும் கவனிக்கிறது, ஆபத்தென்றால் எஞ்சினின் பலத்தைத் தானே குறைக்கிறது. "ஓட்டுநருக்கு எதற்கு இவ்வளவு விவரம்?" என்பது முட்டாள்தனமான கேள்வி இல்லை.

என் பதில் இதுதான். விவரம் வேண்டாம் என்றால் விளக்கு வையுங்கள். எங்கட வீதிகளில் ஓடும் சின்ன ஜப்பான் கார்கள் பலவற்றில் ரெம்பரேச்சர் முள்ளே இல்லை. குளிருக்கு ஒரு நீல விளக்கு, அதிக சூட்டுக்கு ஒரு சிவப்பு விளக்கு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. விளக்கு நேர்மையானது. "நல்லது, கெட்டது, இந்த இரண்டும்தான் எனக்குத் தெரியும்" என்று அது ஒப்புக்கொள்கிறது. எண்களும் கோடுகளும் போட்ட வட்டத்துக்குள் முள்ளை வைத்தால் "நான் அளக்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். அளக்காமல் அளப்பதாக நடிப்பது வாக்கு மீறல். ஓட்டுநர் பயப்படுகிறார் என்றால் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், முள்ளின் வாயைக் கட்டக்கூடாது.

வேகத்துக்கு இதில் ஒரு விதி இருக்கு என்பது சுவாரசியம். பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியின்படி ஸ்பீடோமீற்றர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு: உண்மை வேகத்தின் பத்தில் ஒன்றும் மேலதிகமாக 4 கி.மீ.யும். நீங்கள் 100இல் போனால் முள் 114 வரை காட்டலாம், 99 காட்டக்கூடாது. பிழைவிடுவதென்றால் பாதுகாப்பான பக்கமாக விடு என்கிறது அந்த விதி. எஞ்சினின் ஒயிலுக்கும் சூட்டுக்கும் அது ஒன்றும் சொல்வதில்லை. நடுவில் உறைந்த முள்ளோ ஆபத்தான பக்கமாகப் பிழைவிடுகிறது.

"என்ர எஞ்சின், என்ர காசு, உனக்கென்ன?" என்று கேட்கலாம். சரி. ஆனால் நெடுஞ்சாலையில் முந்திக்கொண்டு போகும்போது இறுகி நிற்கும் எஞ்சின் உங்கள் பிரச்சினை மட்டும் இல்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் அதில் பங்கு உண்டு.

நாங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று, பாவித்த காரைப் பார்க்கப் போனால், அது எந்தக் காரானாலும், எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முதல் சாவியை மட்டும் ஓன் செய்து பாருங்கள். ஒயில் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் நிற்கும்போது பிரஷர் இல்லை, ஆகவே எரிவதுதான் உண்மை. எரியாவிட்டால் பல்ப் போயிருக்கும், இல்லாட்டி யாரோ கழற்றியிருப்பார்கள். அந்த விளக்கு ஓட்டத்தில் எரியாமல் இருப்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

இரண்டு, உங்கள் வீட்டுக் காரின் முள் நல்ல நாளில் எங்கே நிற்கும் என்று பழகிக்கொள்ளுங்கள். காலையில் எங்கே, வெயிலில் ட்ரஃபிக்கில் நிற்கும்போது எங்கே, மழையில் எங்கே. சுகமான உடம்பைத் தெரிந்தவருக்குத்தான் காய்ச்சல் தெரியும்.

மூன்று, முள்ளில் சந்தேகம் வந்தால் இரண்டாவது சாட்சியைக் கூப்பிடுங்கள். பல கார்களில் டாஷ்போர்ட் முள்ளுக்கு ஒரு சென்சர், எஞ்சின் கம்பியூட்டருக்கு இன்னொரு சென்சர். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 அப்படித்தான். கொஞ்சம் புதிய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள சொக்கெட்டில் ஒரு ஸ்கேனரைச் செருகினால் கம்பியூட்டர் காணும் சூடு பாகைக் கணக்கில் ஃபோனில் வரும். நடுவில் உறைந்த முள்ளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியவரும்.

நான்கு, கராஜில் பாஸ் "மீற்றரை மாத்த வேணும் தம்பி" என்றாலும் "தங்கச்சி" என்றாலும் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணை, வயரைக் கழட்டிப் பார்த்தீங்களா? கழட்டினா முள் என்ன செய்யுது?" நல்ல பாஸ் சந்தோஷமாகக் காட்டுவார். அதோடு நீங்கள் ஒரு வித்தையும் படிப்பீர்கள். கேள்விக்கே கோபப்பட்டால், எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தார் என்று நீங்கள் யோசிக்கலாம்.

முள்ளைக் கண்மூடி நம்பச் சொல்லி நான் எழுதவில்லை. கறள் பிடித்த ஒரு ஏர்த் ஆணி போதும் அதைப் பொய்யனாக்க. ஆனால் 'பொய்' என்று தீர்ப்புச் சொல்ல ஒரு துண்டு வயரும் இரண்டு நிமிடமும் போதும் என்றிருக்கும்போது, அதைக்கூடச் செய்யாமல் "மீற்றர்தான் பழுது" என்று ஓட்டிக்கொண்டு போவது சோம்பல். முதலில் நிறுத்துவம். பிறகு வயரைக் கழற்றிப் பார்ப்பம்.